வாசிக்கும் மனசு – 14: அகராதி வேலை பார்த்த அப்பா

படித்த புத்தகங்களை எண்ணிக் கணக்கு வைப்பவர்களின் பதற்றத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து வருபவர்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம், மனசு சரியில்லாதவர்களுக்குப் புத்தகத்தையே மருந்தாகக் கொடுக்கும் புத்தக வைத்தியம் பற்றி எழுதுவதாகத்தான் பேச்சு. அதற்கு ஒரு தொடக்கம் வேண்டுமே என்று ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுயசரிதையை எடுத்தேன். முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

மில்லுக்கு மூன்று வயதில் கிரேக்கம் ஆரம்பித்தது. கிரேக்கச் சொல்லையும் அதற்கு ஆங்கிலப் பொருளையும் அட்டைகளில் எழுதிக் கொடுத்தவர் அப்பா ஜேம்ஸ் மில். அட்டைகள் தீர்ந்து புத்தகம் வந்ததும் சிக்கல். கிரேக்கச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் தரும் அகராதி அன்று இல்லை. லத்தீன் தெரிந்தால்தான் அகராதி. பையனுக்கோ லத்தீன் எட்டு வயதில்தான். ஆகவே தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அப்பாதான் அகராதி. அவர் அதே மேஜையில் உட்கார்ந்து 'பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு' எழுதிக்கொண்டிருக்கிறார். பொறுமை இல்லாத மனிதர். இந்த மண்ணை ஒருமுறைகூட மிதிக்காமல் நம் முன்னோர்களுக்கு மதிப்பெண் போட்ட நூல் அது. அதன் நடுவே, "அப்பா, இதுக்கு என்ன அர்த்தம்?" இரண்டு வரி எழுதுவதற்குள் மறுபடியும் "அப்பா..." அப்படியும் 1817-இல் புத்தகம் வெளிவந்துவிட்டது. மூன்று நாளாக இந்த மேஜையை விட்டு என்னால் நகர முடியவில்லை.

காலையில் அப்பாவும் பிள்ளையும் நடக்கப் போவார்கள். முந்தின நாள் படித்ததைத் துண்டுச் சீட்டுகளில் குறித்து வைத்துக்கொண்டு பையன் ஒப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான் ஒப்பிக்க வேண்டியது பத்திரிகைத் தலையங்கம். அப்பா சவரம் செய்துகொண்டே கேட்பார்: "சரி, என்ன புரிஞ்சுது? சொல்லு." அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஒரு புத்தகத்தை மூடினால் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

பதினான்காவது வயதில், பிரான்சுக்குக் கிளம்பும் முன், லண்டன் ஹைட் பார்க்கில் வைத்து அப்பா ஒன்று சொல்கிறார்: உன் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியும், அதில் உன் பெருமை எதுவும் இல்லை, கற்றுக்கொடுக்க ஓர் அப்பன் வாய்த்தான், அவ்வளவுதான். கர்வம் வராமலிருக்கச் சொன்னது. அந்த இடம்கூட மில்லுக்கு மறக்கவில்லை. படித்ததெல்லாம் அப்பா கணக்கில் வரவாகிவிட்டால் பிள்ளை கையில் என்ன மிஞ்சும்?

1826 இலையுதிர் காலத்தில் பதில் கிடைத்தது. வயது இருபது. நான் ஆசைப்படும் சீர்திருத்தமெல்லாம் இந்த நொடியே நடந்துவிட்டால் சந்தோஷப்படுவேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். இல்லை என்றது மனசு. அத்தோடு எல்லாம் விட்டுப்போனது. பிடித்த புத்தகங்களை எடுத்தார், ருசிக்கவில்லை. சங்கீதத்திலும் ஒரு கவலை புகுந்தது. இருப்பது ஏழே ஸ்வர இடைவெளிகள். ராகக் கோவைகள் ஒருநாள் தீர்ந்துவிடாதா? (நம்மவர்கள் 72 மேளகர்த்தா என்று கணக்கை முடித்துவிட்டு நிம்மதியாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்!)

சில மாதம் கழித்துத் தற்செயலாகக் கையில் வந்தது, மார்மோன்டெல் என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவுக் குறிப்புகள். அப்பா இறந்துபோன வீட்டில், இனி எல்லோருக்கும் எல்லாமுமாக நானே இருப்பேன் என்று ஒரு சிறுவன் எழுந்து நிற்கும் இடம். மில் அழுதுவிட்டார். பாரம் அன்றிலிருந்து குறையத் தொடங்கியது. அதிலும் தகப்பன் சாகும் காட்சியா என்று உளப்பகுப்பாய்வுக்காரர்கள் பின்னால் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. மறுநாள் காலையில் யாரிடமும் ஒப்பிக்க வேண்டாத புத்தகம் அது.

சோர்வு உச்சத்தில் இருந்தபோதே கவிஞர் பைரனையும் படித்துப் பார்த்திருந்தார். தன்னைப் போலவே சலித்துப்போன ஆள், பிரயோசனப்படவில்லை. 1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளிடம் போனார். அங்கே நடந்ததற்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

உதவி ஆசிரியர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். புத்தக வைத்தியத்துக்குப் 'பிப்ளியோதெரபி' என்ற பெயரை 1916-இல் பிரபலப்படுத்தியவர் சாமுவேல் குரோதர்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார். அதுவும் பாதிக் கிண்டலாக எழுதிய ஒரு கட்டுரையில். அவரும் வேர்ட்ஸ்வொர்த்தும் அடுத்த வாரம்.

(தொடரும்)