தேர்தல் வாக்குறுதிகளும் வரிக் கணக்கும்

தேர்தல் நெருங்கிவிட்டால் எமது பங்கு மண்டபத்தின் வாசலில் அரசியல் பேச்சுக்குக் குறைவிருக்காது. 2024 செப்டெம்பர் 21 அன்று நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு நாமும் அந்தப் பேச்சில் சற்று நேரம் நின்றோம். வங்கியில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், சம்பளத்தில் பிடிக்கப்படும் வரியைக் குறைப்பவருக்கே தம் வாக்கு என்றார். வைத்தியர்களும் பொறியியலாளர்களும் நாட்டை விட்டுப் போவதற்கு இந்த வரியே காரணம் என்பது அவரது வாதம். பக்கத்தில் நின்ற கடற்றொழிலாளி ஒருவர் மெல்லக் கேட்டார்: "சுவாமி, எனக்கு வருமான வரி இல்லை. ஆனால் நான் வரி கட்டாத நாள் எது எண்டு சொல்லுங்கோ?"

இக்கேள்விக்கு அங்கிருந்த எவரும் உடனே பதில் சொல்லவில்லை. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

வரி இரு வழிகளில் எம்மிடம் வருகிறது. ஒன்று, உழைப்பவரின் வருமானத்திலிருந்து நேராக எடுக்கப்படுவது. மற்றது, பொருளின் விலைக்குள் ஒளிந்து வருவது. இரண்டாவது வகையில் முதன்மையானது பெறுமதி சேர் வரி, அதாவது நாம் 'வற்' என்று சொல்வது. 2024 ஜனவரி முதல் இது 18 வீதமாக உயர்ந்தது; அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் எரிபொருளும் அப்போது வரிக்குள் கொண்டுவரப்பட்டன. மாதம் 50,000 ரூபா வருமானமுள்ள ஒரு குடும்பம் அதில் 30,000 ரூபாவுக்கு வற் வரிக்குட்பட்ட பொருள்கள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த 30,000 ரூபாவுக்குள் ஏறத்தாழ 4,575 ரூபா வரியாகும். அதாவது வருமானத்தில் 9 வீதம். அதே 2024இல் மாதம் 2,00,000 ரூபா சம்பளம் பெற்றவர் கட்டிய வருமான வரி 10,500 ரூபா; அது அவரது வருமானத்தில் 5 வீதத்தைச் சற்றுத் தாண்டும். அவரும் கடையில் வற் கட்டுகிறார் என்பது உண்மையே. ஆயினும் தம் வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமிக்க இயலுமானவருக்கும், கையில் வருவதெல்லாம் அன்றன்றே செலவாகிவிடும் குடும்பத்துக்கும் விலைக்குள் இருக்கும் வரி ஒரே சுமையாக இராது. "வரியைக் குறைப்போம்" என்று மேடையில் ஒருவர் சொன்னால், எந்த வரியை, யாருக்கு என்பதே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

இதை 2019இல் நாம் கேட்கவில்லை. இதை எழுதுகையில் எமக்கே வெட்கமாயிருக்கிறது. அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் சிந்திய இரத்தத்தின் நினைவோடுதான் நவம்பர் 16 தேர்தலுக்குச் சென்றோம். பாதுகாப்பு, பாதுகாப்பு என்பதே எங்கும் பேச்சாயிருந்தது. வரிக் குறைப்பு பற்றிய வாக்குறுதியும் அதே விஞ்ஞாபனத்தில்தான் இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்தவர்கள் எம்மில் எத்தனை பேர்?

புதிய ஆட்சி சொன்னதைச் செய்தது. 2019 டிசெம்பர் 1 முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது. 2 வீத தேச நிர்மாண வரி நீக்கப்பட்டது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்பட்ட வரி 2020 ஜனவரியோடு நின்றது. ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரியில்லை என்றாயிற்று. முன்பு ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபா விற்பனை உள்ள வணிகம் வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லை 30 கோடியாக உயர்த்தப்பட்டது. இதனால் பெரும் தொகையான நிறுவனங்கள் வரிக் கணக்கேட்டிலிருந்தே வெளியேறின.

எமக்கும் மகிழ்ச்சியே. அப்போது பங்கு மண்டபத்தின் மேல்மாடி வேலை நடந்துகொண்டிருந்தது. சீமெந்துக்கும் கம்பிக்கும் விலை இறங்கும் என்று கட்டட ஒப்பந்தகாரர் சொல்ல, மேய்ப்புப்பணிச் சபைக் கூட்டத்தில் கைதட்டினார்கள், நாமும் தட்டினோம். யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். மாதம் ஒரு இலட்சத்துக்குக் குறைந்த சம்பளக்காரர் முன்பும் வருமான வரி கட்டவில்லை. எனவே எமது பாடசாலை ஆசிரியர்களில் பெரும்பாலானோருக்கு அந்தச் சலுகையால் ஒரு சதமும் கிடைக்கவில்லை.

ஒரு பக்கம் வருமானத்தைக் குறைத்த அரசு, மறுபக்கம் செலவைக் கூட்டியது. 2020இல் பட்டதாரிகள் பல்லாயிரம் பேருக்கு அரச நியமனம் வழங்கப்பட்டது. எமது பங்குப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவர்களுக்காக நன்றித் திருப்பலியும் ஒப்புக்கொடுத்தோம். அவர்கள் வேலை பெற்றதைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. ஆனால் அச்சம்பளம் எங்கிருந்து வரும்? 2019இல் 1,735 பில்லியன் ரூபாவாயிருந்த வரி வருமானம் 2020இல் 1,217 பில்லியனாகச் சரிந்தது. கொரோனாவும் காரணமே, மறுப்பதற்கில்லை. ஆயினும் வரிக் குறைப்பு வந்தது கொரோனாவுக்கு முன். துண்டு விழுந்த தொகையை அடைக்க மத்திய வங்கி பணம் அச்சிட்டது. வெளிநாட்டில் கடன் தருவோர் கதவை மூடினர். 2021இல் இரசாயன உரத் தடையும் சேர்ந்துகொண்டது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று நாடு அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதம். ஒகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியபோது எமது கரையில் படகுகள் வாரக்கணக்கில் கவிழ்ந்து கிடந்தன. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, 2021இல் நூற்றுக்கு 13 பேராயிருந்த வறியோர் 2022இல் நூற்றுக்கு 25 பேராயினர். 2019இல் மிகுதியான சலுகை பெற்றவர்கள் ஒரு கூட்டம், 2022இல் மிகுதியாக விலை கொடுத்தவர்கள் இன்னொரு கூட்டம்.

இடையில் சீனிக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அரசு இழந்தது 15 பில்லியன் ரூபாவுக்கு மேல். தேநீர்க் கடையில் விலை அந்த அளவுக்கு இறங்கியதை நாம் காணவில்லை. வரியைக் குறைத்தால் விலை தானாக இறங்கும் என்று நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வாக்குறுதியும் கணக்கும் மோதிக்கொள்வது இந்த நாட்டில் புதிதன்று. 1952 தேர்தலில் கொத்து அரிசி 25 சதம் என்பது பெரிய பேச்சு. அடுத்த ஆண்டே அது 70 சதமாக்கப்பட, 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலும் பிரதமர் டட்லி சேனநாயக்காவின் பதவி விலகலும் தொடர்ந்தன. 1970இல் இரண்டாம் கொத்து அரிசியைச் சந்திரனிலிருந்தாவது கொண்டுவருவோம் என்ற பேச்சைக் கேட்டவர்கள் இன்னும் எமது பங்கில் இருக்கிறார்கள்; அதன்பின் பாணுக்கு வரிசையில் நின்றதையும் அவர்களே சொல்வார்கள்.

திருச்சபை எந்தக் கட்சியையும் சுட்டிக்காட்டுவதில்லை. குருக்கள் கட்சி அரசியலில் நேரடியாக ஈடுபடுவதையும் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் வரியைப் பற்றித் திருச்சபை பேசாமலும் இல்லை. வரிச்சுமை அவரவர் சக்திக்கேற்ப இருக்க வேண்டும் என்பதைத் திருத்தந்தை புனித 23ஆம் யோவான் 1961இல் வெளியிட்ட சுற்றுமடலில் தெளிவாகச் சொன்னார். நியாயமான வரியை ஏமாற்றுவதை 2ஆம் வத்திக்கான் சங்கம் கண்டித்தது. 13ஆம் சிங்கராயர் 1891இலேயே, மிதமிஞ்சிய வரியால் மக்களின் உடைமையை உறிஞ்சுவது அநீதி என்று அரசுகளையும் எச்சரித்திருந்தார். ஆக, வரி தன்னளவில் தீமையன்று. கட்டாமல் தப்புவது கெட்டித்தனமுமன்று. கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவது பற்றி ஆண்டவர் பேசியது சீடத்துவத்தைக் குறித்தே, பாதீட்டைக் குறித்தன்று. இருந்தாலும் லூக்கா நற்செய்தியின் அப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எமக்கு அந்த மேல்மாடி நினைவுக்கு வந்துவிடுகிறது.

அன்று வாசலில் தொடங்கிய பேச்சை அடுத்த வாரம் மண்டபத்துக்குள் கொண்டுசென்றோம். முக்கிய வேட்பாளர்களின் விஞ்ஞாபனங்களில் வரியும் செலவும் பற்றிய பக்கங்களை மட்டும் எடுத்து வாசித்தோம். வருமான வரி விலக்கை மாதம் ஒரு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமாக்குவோம், உணவுக்கும் மருந்துக்கும் வற் இல்லை என்று தேசிய மக்கள் சக்தி சொல்லியிருந்தது. சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்பாட்டின் வழியிலேயே போவோம் என்பது அன்றைய ஜனாதிபதியின் நிலைப்பாடு. 2023இல் அரசு பெற்ற வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலான தொகை கடன் வட்டிக்கே போனது என்பதைக் கரும்பலகையில் எழுதியபோது மண்டபம் அமைதியாயிற்று. மிஞ்சியதில்தான் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் அஸ்வெசும உதவியும். அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்டு மேன்முறையீடு செய்திருந்த தாய் ஒருவர் எழுந்து, "அப்ப இவை சொல்லுறதுக்கெல்லாம் காசு எங்க?" என்றார். அன்றைய கூட்டத்தில் கேட்கப்பட்டவற்றுள் அதுவே சிறந்த கேள்வி. பதில் எந்த விஞ்ஞாபனத்திலும் முழுமையாக இல்லை.

தேர்தலுக்குப் பின் நடந்ததையும் பதிவு செய்வது நியாயம். 2025 ஏப்ரலில் வருமான வரி விலக்கு மாதம் ஒன்றரை இலட்சமாக்கப்பட்டது; வாக்குறுதியில் பாதித் தூரம். 2,00,000 ரூபா சம்பளம் பெறுபவரின் வரி 10,500 ரூபாவிலிருந்து 3,000 ஆகக் குறைந்தது. உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் வற் நீக்கப்பட்டது. ஏனைய பொருள்களுக்கு 18 வீதம் அப்படியே தொடர்ந்தது. வங்கி இளைஞர் எமக்கு நன்றி சொன்னார், ஏதோ நாம்தான் குறைத்ததைப் போல! கடற்றொழிலாளியும் அவ்விடத்தில் நின்றார். தமக்கு என்ன குறைந்தது என்று அவர் கேட்டபோது, யோகட்டைத் தவிர வேறொன்றையும் எம்மால் சொல்ல முடியவில்லை.

அந்தக் கரும்பலகை இன்னும் மண்டபத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பாதீட்டுக்குப் பின்பும் வாக்குறுதிக்கு நேரே நடந்ததை எழுதுவதென்று மேய்ப்புப்பணிச் சபை தீர்மானித்துள்ளது. எழுதும் பொறுப்பை அந்தத் தாயே கேட்டு வாங்கிக்கொண்டார்.