தரையில் தங்கிய வாடை: நோயாளி இருக்கும் வீட்டில் செல்லப் பிராணிகளின் சிறுநீர் நாற்றத்தைப் பாதுகாப்பாக நீக்குவது எப்படி?

மழைக்காலத் தொடக்கத்தில் ஓர் அம்மையார் எங்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக ஒன்பது நாள்கள் சிகிச்சை பெற்றவர் அவர். தாயார் வருமுன் வீட்டைத் தூய்மை செய்துவிட நினைத்தும் வேலைப் பளுவால் முடியாமற்போன மகன், அவர் வந்த அன்று மாலையே அப்பணியில் இறங்கினார். கூடத்தின் மூலையில் வளர்ப்புப் பூனை பலமுறை சிறுநீர் கழித்ததால் ஏறியிருந்த வாடையைப் போக்க, முதலில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். வாடை அடங்கவில்லை. அதன் மேலேயே கழிவறைக்கென வாங்கி வைத்திருந்த ஆசிட்டையும் ஊற்றினார். சில நொடிகளில் மூக்கைத் துளைக்கும் புகை கூடம் முழுவதும் பரவியது. அன்றிரவே அம்மையார் மீண்டும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்.

நல்லவேளையாக அவர் மூன்று நாள்களில் தேறிவிட்டார். ஆனால் படுக்கையில் இருந்தபடி அவர் எங்களிடம் முதலில் கேட்டது தம் மூச்சைப் பற்றியன்று. "பூனையை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டார்களா?" என்றே கேட்டார். கணவர் மறைந்த பிறகு அவருக்குத் துணையாக இருந்தது அந்தப் பூனைதான். குடும்பத்தாரோ, "நோயாளி இருக்கும் வீட்டில் இந்த நாற்றம் ஆகாது, பூனையை அனுப்பிவிடலாமா?" என்று எங்களிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இத்தகைய கேள்விகள் எங்களுக்குப் புதியவை அல்ல. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து பெறுபவர்கள், முதியோரைப் பராமரிப்பவர்கள் எனப் பலரும் இதையே கேட்கிறார்கள். எனவே இவ்விதழில் இதைச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறோம்.

வாடை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

புதிதாகக் கழித்த சிறுநீரில் கடுமையான நாற்றம் இருப்பதில்லை. அதிலுள்ள யூரியா என்னும் பொருளைத் தரையிலுள்ள நுண்ணுயிரிகள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் கண்ணைக் கரிக்கும் நெடி எழுகிறது. பூனையின் சிறுநீரில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. பெலினின் என்னும் அமினோ அமிலம் அதில் கலந்திருக்கிறது. அது சிதையும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் உண்டாகின்றன. கருத்தடை செய்யப்படாத ஆண் பூனையிடம் இது மிகுதி. அதனால்தான் அதன் வாடை தனித்துத் தெரிகிறது.

சிறுநீரின் நீர்ப்பகுதி உலர்ந்துவிடும். உப்புகளும் பிற கழிவுப் பொருள்களும் தரையின் நுண்துளைகளில் தங்கிவிடும். காற்றில் ஈரம் கூடும்போது அவை நீரை ஈர்த்து மீண்டும் நாற்றத்தை வெளியிடும். கோடையில் மறைந்த வாடை ஐப்பசி மழையில் திரும்பி வருவதன் காரணம் இதுவே. பினாயில், ஊதுவத்தி, வாசனைத் தெளிப்பான் ஆகியவை இந்தப் படிவை அகற்றுவதில்லை. ஒரு மணத்தின் மேல் இன்னொரு மணத்தைப் போர்த்துகின்றன, அவ்வளவே.

எதைச் செய்யவே கூடாது?

முதலாவதும் முதன்மையானதும் இது: தூய்மைப் பொருள்களை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

பிளீச்சிங் பவுடரோ திரவ பிளீச்சோ, கழிவறை ஆசிட்டுடனும் வினிகருடனும் எலுமிச்சைச் சாற்றுடனும் சேர்ந்தால் குளோரின் வாயு உண்டாகும். அதே பிளீச் அம்மோனியாவுடன் சேர்ந்தால் குளோரமின் என்னும் எரிச்சலூட்டும் வாயு உண்டாகும். பழைய சிறுநீரில் அம்மோனியா ஏற்கெனவே இருப்பதால், வேறு எதையும் கலக்காமல் பிளீச்சை மட்டும் ஊற்றினாலும் கண்ணும் தொண்டையும் எரிவதுண்டு. நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு இருமலோடு போகக்கூடிய இவ்வாயு, ஆஸ்துமா உள்ளவர்களையும் நுரையீரல் நோயாளிகளையும் உயிருக்குப் போராடும் நிலைக்குத் தள்ளக்கூடும்.

தவறுதலாகக் கலந்துவிட்டால், அதைக் கழுவ முயலாமல் அனைவரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். நோயாளியை முதலில் திறந்த வெளிக்கு அழைத்து வாருங்கள். கண்ணில் எரிச்சல் இருந்தால் ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், ஓயாத இருமல் இருந்தால் 108 எண்ணை அழையுங்கள். சில சமயம் மூச்சுக் கோளாறு சில மணி நேரம் கழித்தும் வரக்கூடும். ஆகவே நுரையீரல் நோயாளிகள் அறிகுறி குறைந்துவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

இரண்டாவதாக, பினாயில் வகைப் பொருள்களைப் பூனை நடமாடும் இடத்தில் பயன்படுத்த வேண்டா. அவற்றில் உள்ள பீனால் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கும்போது நஞ்சாகிவிடும். மூலைகளில் போடும் பாச்சை உருண்டையும் அவ்வாறே ஆபத்தானது.

மூன்றாவதாக, வாடையுள்ள இடத்தில் அம்மோனியா கலந்த திரவங்களைப் பயன்படுத்த வேண்டா. அவற்றின் நெடி சிறுநீரின் நெடியை ஒத்திருப்பதால், பிராணி அதே இடத்துக்கு மீண்டும் வரக்கூடும்.

இடத்தைக் கண்டறிதல்

வீட்டிலேயே இருப்பவர்களின் மூக்கு அவ்வாடைக்குப் பழகிவிடும். எனவே வெளியிலிருந்து வரும் உறவினர் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்வது பயன் தரும். புற ஊதாக் கதிர் டார்ச் ஒன்றை இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் காட்டினால், உலர்ந்த சிறுநீர்த் தடங்கள் மங்கிய மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் ஒளிரும். கள்ளநோட்டு பார்க்கும் சிறு டார்ச்சே போதும். அதன் ஒளியைக் கண்ணில் படவிடக் கூடாது. சுவரின் அடிப்பகுதி, கதவு நிலை, பீரோவின் கால், நோயாளியின் கட்டிலுக்கு அடியில் உள்ள தரை ஆகியவற்றையும் பாருங்கள். தெரிந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள்.

தூய்மை செய்யும் முறை

ஈரம் உலராத சிறுநீர் என்றால், தேய்க்காமல் பழந்துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி எடுங்கள். தேய்த்தால் அது பரவும். பிறகு குளிர்ந்த நீரை ஊற்றி மீண்டும் ஒற்றி எடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

பழைய கறைக்கு, செல்லப் பிராணிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர் ஏற்றது. அதிலுள்ள நொதிகள் நாற்றம் தரும் பொருள்களையே சிதைக்கின்றன. அதைப் பயன்படுத்துவதில் நான்கு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள்.

ஒன்று, முன்பு ஊற்றிய பினாயில், பிளீச், சோப்பு ஆகியவற்றை வெறும் நீரால் நன்கு கழுவிவிட வேண்டும். இல்லையேல் நொதிகள் செயலிழந்துவிடும். இரண்டு, கொதிநீரைப் பயன்படுத்தக் கூடாது. அதுவும் நொதிகளைக் கெடுக்கும். மூன்று, சிறுநீர் எவ்வளவு தூரம் ஊறியதோ அவ்வளவு தூரம் திரவமும் ஊற வேண்டும். துணியில் நனைத்துத் துடைத்தால் பயனில்லை. நான்கு, குப்பியில் குறிப்பிட்ட நேரம் வரை அது ஈரமாகவே இருக்க வேண்டும். பழைய கறைக்குச் சில மணி நேரம் தேவைப்படலாம். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து மூடினால் ஈரம் காயாது. பிறகு மின்விசிறியைப் போட்டு உலர விடுங்கள். பழைய கறையாயின் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். முதல் முறையில் போகவில்லை என்று மனம் தளர வேண்டா.

என்சைம் கிளீனர் கிடைக்காத ஊர்களில், சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் பெருக்கி எடுக்கலாம். வாடை முழுவதும் போகாவிடினும் பெருமளவு குறையும்.

தரைக்கேற்ற கவனம்

எல்லாத் தரையும் ஒன்றல்ல. மொசைக், சிவப்பு ஆக்சைடு தரை, ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றில் சிமெண்ட் உண்டு. மார்பிளும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்பு இனத்தவை. இவற்றின் மேல் ஆசிட், வினிகர், எலுமிச்சை ஆகியவை பட்டால் மேற்பரப்பு அரிக்கப்பட்டுப் பளபளப்புப் போய்விடும். புதிய துளைகள் உண்டாகி, அடுத்த முறை சிறுநீர் இன்னும் ஆழமாக இறங்கும். பளபளப்பான டைல்ஸின் மேற்பரப்பு எதையும் உறிஞ்சுவதில்லை. அங்கே வாடை தங்குவது இடுக்குகளில் பூசிய சிமெண்ட்டில்தான். ஆகவே பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்குகளை மட்டும் கவனமாகத் தேய்த்து, அங்கே திரவத்தை ஊறவிடுங்கள். பலமுறை செய்தும் போகாவிடில், இடுக்குப் பூச்சைச் சுரண்டி எடுத்து எபாக்சி பூசலாம். மொசைக் தரையென்றால், நன்கு தூய்மை செய்தபின் மெருகேற்றி, துளைகளை அடைக்கும் பூச்சு இடலாம். வாடை உள்ளே இருக்கும்போதே பூச்சு இடுவது வீண்.

தூய்மை செய்தபின் தரையில் வழவழப்பு மிஞ்சக் கூடாது. முதியோரும் அண்மையில் அறுவை செய்துகொண்டோரும் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, எந்த நாற்றத்தையும்விடப் பெரிய தீங்கு. தரை முற்றிலும் உலர்ந்தபின்னரே அவர்களை நடக்கவிடுங்கள்.

நாற்றத்தால் நோய் பரவுமா?

நாற்றத்தால் தொற்று பரவுவதில்லை. ஆனால் மிகுந்த அம்மோனியா நெடி மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். புற்றுநோய் மருந்து பெறுவோருக்குச் சிறு வாடையும் குமட்டலைத் தூண்டக்கூடும். ஆகவே "எங்களுக்கு வாடை தெரியவில்லையே" என்று நோயாளியின் சொல்லை மறுக்க வேண்டா.

சிறுநீரால் பரவக்கூடிய நோய் ஒன்று உண்டு. எலிக்காய்ச்சல் என்று நாம் கூறும் லெப்டோஸ்பைரோசிஸ், எலியின் சிறுநீரால் மட்டுமன்றி, தொற்றுள்ள நாயின் சிறுநீராலும் பரவலாம். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதும், கையுறை அணிந்து தூய்மை செய்வதும், கால் வெடிப்பும் புண்ணும் உள்ளவர்கள் அந்த ஈரத்தில் நடவாதிருப்பதும் போதிய பாதுகாப்பாகும். பூனையைப் பற்றிப் பலரும் அஞ்சும் டாக்சோபிளாஸ்மா தொற்று, சிறுநீரால் அன்று, மலத்தால் வருவது. மலத்தில் வெளியேறும் அக்கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். ஆகவே பூனையின் மணல் தட்டை நாள்தோறும் தூய்மை செய்துவிட்டால் ஆபத்து பெரிதும் குறையும். கருவுற்றவர்களும், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களும் அவ்வேலையைச் செய்யாமல் வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். பூனையின் உடலிலிருந்து உதிரும் நுண்துகள்களால் ஒவ்வாமை உள்ளவர்கள், அதைப் படுக்கையறைக்குள் விடலாகாது.

பிராணியையும் கேளுங்கள்

தரையைத் தூய்மை செய்வது பாதி வேலையே. வெளியிலோ மணல் தட்டிலோ ஒழுங்காகக் கழித்துவந்த பிராணி திடீரென வீட்டுக்குள் கழிக்கத் தொடங்கினால், அதைச் சேட்டை என்று அடிக்க வேண்டா. சிறுநீர்ப்பாதைத் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, முதுமை ஆகிய ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வாராமல் தவித்தால் அது அவசர நிலை; அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். உடல்நலம் சரியாக இருந்தால், கருத்தடை அறுவை செய்வது சுவரில் பீய்ச்சும் பழக்கத்தைப் பெரிதும் குறைக்கும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல் தட்டு கூடுதலாக வைப்பது நல்ல வழக்கம்.

பராமரிப்பாளர்களுக்கு இன்னொரு சொல்

படுக்கையிலேயே இருக்கும் நோயாளி அறியாமல் சிறுநீர் கழிப்பதால் எழும் வாடைக்கும் மேற்சொன்ன முறைகள் பெரும்பாலும் பொருந்தும். மெத்தையிலும் தரையிலும் தேய்க்காமல் ஒற்றி எடுத்தல், குளிர்ந்த நீர், என்சைம் கிளீனர், நல்ல காற்றோட்டம் என அதே வரிசைதான். வாடை போகவில்லை என்று பிளீச்சைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். நோயாளியின் முன்னிலையில் முகம் சுளிப்பதையும் தவிருங்கள். அவருக்கு ஏற்கெனவே இருக்கும் கூச்சத்தை அது இன்னும் கூட்டும். சிறுநீருக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே சிலர் குறைத்துவிடுவார்கள்.

தொடக்கத்தில் கூறிய அம்மையாரின் வீட்டிற்கு வருவோம். பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டியபோது, அதன் சிறுநீர்ப்பையில் நுண்கற்கள் இருப்பது தெரியவந்தது. சிகிச்சையும் உணவு மாற்றமும் தரப்பட்டன. மகன் கூடத்து மூலையை என்சைம் கிளீனரால் மூன்று முறை ஊறவைத்துத் தூய்மை செய்தார். அந்நாள்களில் தாயார் தம் மகள் வீட்டில் தங்கினார். எங்கள் நுரையீரல் மருத்துவர், அவருக்குப் பூனையால் ஒவ்வாமை இல்லை என்று சோதித்து உறுதிசெய்த பின், படுக்கையறைக்குள் மட்டும் அதை விட வேண்டா என்று கூறி அனுப்பினார்.

சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்த அம்மையார், பூனை இப்போது அறை வாசலில் கால்மிதியின் மேல் படுத்துக்கொள்கிறது என்றார். உங்கள் வீட்டிலும் நாயோ பூனையோ இருந்தால், வீடு திரும்பும் நாளன்றே எங்கள் மருத்துவரிடமும் செவிலியரிடமும் அதைத் தவறாமல் தெரிவியுங்கள். எதனால் தரையைத் துடைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.