முகச்சுருக்கமும் குடும்பச் செலவும்

நாற்பதைக் கடந்த இல்லத்தரசி ஒருவர் கண்ணாடிமுன் நிற்கிறார். கண்ணோரத்தில் மெல்லிய கோடுகள். நெற்றியில் ஒரு மடிப்பு. அன்று மாலையே கடைத்தெருவுக்குச் சென்று, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கென ஒதுக்கிய பணத்தில் சிறு குப்பி முகப்பூச்சு ஒன்றை வாங்கி வருகிறார். நம் குடும்பங்களில் இது நடவாத செயலன்று. முகப்பொலிவை விரும்புவது குற்றமென்று கூற நாம் வரவில்லை. ஆயினும், கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது யாதெனக் கேட்பது இல்லறத்தாரின் கடமையல்லவா?

சருமம் ஏன் சுருங்குகிறது? தோலின் உட்படலத்திலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளே அதற்கு உறுதி தருகின்றன. வயது ஏறஏற அவை குறைவது இயற்கை. ஆனால், முகத்தில் தோன்றும் சுருக்கங்களுக்கும் கரும்புள்ளிகளுக்கும் பெருங்காரணம் வெயிலே. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் அவ்விழைகளைச் சிதைக்கின்றன. ஐயுறுவோர் தம் மேற்கையின் உட்புறத்தையும் புறங்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டிற்கும் வயது ஒன்றே, தோற்றமோ வேறு!

ஆகவே, முதலிடம் வெயிலைத் தடுக்கும் சன்ஸ்கிரீன் களிம்புக்கே உரியது. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை 903 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியாயிற்று. நாள்தோறும் அதைப் பூசியவர்களிடம், விருப்பம்போல் பூசியவர்களைவிட முதுமைக் குறிகள் 24 விழுக்காடு குறைவாக இருந்தன. எஸ்.பி.எஃப். 30 என்று குறித்த களிம்பு, தோலை எரிக்கும் கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கிறது. 50 என்று குறித்தது 98 விழுக்காட்டை. அந்த ஒரு விழுக்காட்டிற்காக மிகுந்த விலை தருவானேன்? குடையும் உடன் இருந்தால் இன்னும் நன்று.

அடுத்தது ஈரம் காக்கும் களிம்பு. உலர்ந்த தோலில் கோடுகள் எடுப்பாகத் தெரியும். ஈரம் தங்கினால் சற்று மங்கும். கிளிசரினோ பெட்ரோலியம் ஜெல்லியோ சேர்ந்த எளிய களிம்பே இதற்குப் போதும். குளித்தபின் தோல் முற்றும் உலருமுன் பூசவேண்டும்.

மூன்றாவது, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின். வெயிலால் முதிர்ந்த தோலை இது சீர்ப்படுத்துகிறது என்று 1986இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் எடுத்துக்காட்டினர். எனினும் இது மருந்து. மருத்துவரைக் கேட்டே பூசவேண்டும். பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் எரிச்சலும் தோன்றலாம். கருவுற்ற தாய்மார் இதைத் தவிர்க்கவேண்டும். கடைகளில் ரெட்டினால் என்னும் பெயரில் கிடைப்பது இதன் மென்மையான உறவு. கருவுற்றோர் அதையும் விலக்குதல் வேண்டும்.

கொலாஜன் கலந்ததாகப் பெருமை பேசும் களிம்புகளோ? அதன் மூலக்கூறு மிகப் பெரிது. தோலைக் கடந்து உள்ளே செல்லாது. மேலே படிந்து ஈரம் காக்கும், அவ்வளவே.

பணம் வீணாவதைவிடக் கொடியது உடல்நலம் கெடுவது. ஒரு வாரத்தில் முகம் பளபளக்கும் என்னும் களிம்புகள் சிலவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கும். முன்னது சிறுநீரகத்தைத் தாக்கும்; பின்னது தோலை மெலியச் செய்யும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகுக் களிம்பு பூசிய பலர் சிறுநீரக நோயுற்ற செய்தி 2023இல் வெளிவந்ததை மறவாதிருப்போம்.

எனவே, வாங்குமுன் குப்பியின் பின்புறத்தைப் படியுங்கள். உட்பொருள்கள், தயாரித்தவர் முகவரி, காலாவதி நாள் ஆகியவை இல்லாத குப்பியை, யார் புகழ்ந்தாலும் தொடாதீர்கள். முதலில் சிறிய குழாயாக வாங்கி, முன்கையில் சில நாள் பூசிப் பாருங்கள். இவ்வாறு தேர்ந்தால் முகமும் நலம் பெறும். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் குறித்த நாளில் செலுத்தப்படும்.