அறிவியல் வகுப்பறையில் ஏவலும் விலக்கலும்: பெங்களூருச் சூழலில் ஒரு மொழிநோக்கு

உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் வகுப்பு ஏனைய வகுப்புகளினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. அங்கே மாணவர் இருக்கையை விட்டு எழுகின்றனர். தீ, கண்ணாடி, அமிலம் ஆகியவற்றைக் கையாளுகின்றனர். ஆதலின் அவ்வகுப்பில் வழங்கும் ஏவல் தொடர்கள் ஒழுங்கிற்காக மட்டும் கூறப்படுவன அல்ல. அவற்றின் பொருள் பிறழுமாயின் உடலுக்கு ஊறு நேரும். வகுப்பறை நடைமுறைகளை வகுக்கும் இத்தொடர்கள் தமிழில் எவ்வாறு அமைகின்றன, கன்னடமும் ஆங்கிலமும் உடன்வழங்கும் பெங்களூரில் அவை எவ்விடங்களில் பிறழக்கூடும் என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெங்களூரு நகர இருப்புப்பாதை நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரம், சீராமபுரம் போன்ற பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. கர்நாடகத்தில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான உயர்நிலைப் பள்ளியைக் கன்னடத்தில் ‘பிரௌடசாலெ’ என்பர். அங்கே தமிழும் பயிற்றுமொழிகளுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. எனினும் தமிழ்ச் சிறார் பெரும்பாலோர் இன்று கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அறிவியல் பயில்கின்றனர். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, ஆய்வகத்தில் ஒரு மொழி என்பது இம்மாணவர் பலரின் அன்றாட நிலை. ஏவலைக் கேட்கும் காதும் அதைச் செய்யும் கையும் ஒரே மொழியில் இயங்குகின்றன எனக் கொள்ள இயலாது.

‘கவனி’ என்னும் சொல்

கல்விச் சொல்லாடலில் பாடம் உணர்த்தும் கூறு, ஒழுங்குபடுத்தும் கூறு என இரண்டு உண்டென்றும், முன்னது பின்னதனுள் பொதிந்தே வருமென்றும் பேசில் பெர்ன்சுடைன் (1990) கருதினார். இக்கருத்துக்குத் தமிழ் வகுப்பறை தரும் தெளிவான சான்று ‘கவனி’ என்னும் வினை. பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவனை நோக்கி ஆசிரியர் ‘கவனி’ என்றால், பேச்சை நிறுத்து, இங்கே செவிகொடு என்பது பொருள். அதே ஆசிரியர் சோதனைக் குழாயைக் காட்டிக் ‘கவனி’ என்றால், நிறமாற்றத்தை உற்றுநோக்கு என்பது பொருள். முன்னது அடங்குதலை வேண்டுவது. பின்னது ஐயத்தோடு ஆராய்தலை வேண்டுவது. கன்னடத்தின் ‘கமனிஸி’ என்பதும் இவ்வாறே இருபொருள்பட நிற்கிறது. ஆகவே மொழி மாறினாலும் மாணவர்க்கு இம்மயக்கம் நீங்குவதில்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அறிவியல் நோக்கலுக்கு ‘அவதானித்தல்’ என்பதை வரையறுத்துக்கொண்டமையால் இச்சிக்கலிலிருந்து பெரிதும் தப்பின. தமிழ்நாட்டு நூல்களில் ‘உற்றுநோக்கல்’ என்னும் சொல் அச்சில் உண்டு. ஆயினும் ஆசிரியர் வாயில் அது அரிதாகவே வருகிறது. கலைச்சொல் நூலில் இருந்தும் நாவில் இல்லையெனின் அதன் பயன் பாதியே.

ஏவலின் வடிவங்கள்

தொல்காப்பியம் வியங்கோள் முன்னிலையிலும் தன்மையிலும் நிலைபெற வாராது என்றது. நன்னூல் அது இடம், பால் எங்கும் இயலும் என்றது. இன்றைய செய்முறை நூல்களின் ‘சேர்க்க’, ‘குறிக்க’, ‘கண்டறிக’ என்னும் வடிவங்கள் நன்னூல் நெறியின்பாற்பட்டவை. கேட்போன் ஒருவனா பலரா, உயர்ந்தோனா இளையோனா என்பதை இவை வெளிப்படுத்துவதில்லை. பழைய இலக்கணங்கள் வியங்கோள் ஈறாகக் கூறாத ‘-வும்’ வடிவமும் (‘சேர்க்கவும்’, ‘கழுவவும்’) அத்தகையதே. அறிவிப்புப் பலகையிலும் வினாத்தாளிலும் இது பெருவழக்காயிற்று. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் தேர்வைத் தவிர்க்க விரும்பும் எழுத்தாளனுக்கு இது வசதியானது.

ஆனால் இவ்வடிவத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. ‘தொடவும்’ என்பதற்கு நேரான எதிர்மறை அதனிடம் இல்லை. ‘தொடற்க’ என்பது இலக்கணப்படி சரி. பதினான்கு வயது மாணவனிடம் அது செல்லாது. எனவே எழுதுவோர் ‘தொடாதே’, ‘தொடாதீர்கள்’, ‘தொட வேண்டாம்’, ‘தொடக் கூடாது’ என்பவற்றுள் ஒன்றை நாடுகின்றனர். இவை ஒன்றற்கொன்று ஈடானவை எனப் பலர் கருதுவது பிழை. ‘தொடாதே’ என்பது முன்னிருப்பவனை நோக்கி, அந்நொடிக்கென எழுவது. ‘தொடக் கூடாது’ என்பதில் இடமும் இல்லை, காலமும் இல்லை, அது விதி. சூடான முக்காலியை நோக்கி ஒருவன் கை நீளும்போது ஆசிரியர் விதியைக் கூறிக்கொண்டிரார். பணிவுவழக்குப் பற்றிய தம் ஆய்வுக்குக் கோயம்புத்தூர் மாவட்டத் தமிழையும் சான்றாகக் கொண்ட பிரவுனும் லெவின்சனும் (1978, 1987), இடர் நேரும் நொடியில் பூச்சற்ற ஏவல் இழிவாகக் கொள்ளப்படாது என்று விளக்கியது இங்குப் பொருந்தும். அவ்வேளையில் ‘தொட்டுவிடாதீர்கள்’ என்னும் மரியாதை வடிவம் மூன்று அசை கூடுதலாக நேரத்தை உண்ணும், அவ்வளவே.

இவற்றுள் மொழிபெயர்ப்பாளர் மிகவும் அஞ்சவேண்டியது ‘வேண்டாம்’ என்பதே. அது விலக்கலையும் உணர்த்தும், தேவையின்மையையும் உணர்த்தும். ‘கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்’ என்று சுவரில் எழுதியிருப்பின், கழற்றுதல் தகாது என்று ஒருவன் கொள்வான். கழற்றியாக வேண்டிய கட்டாயமில்லை, விரும்பினால் கழற்றலாம் என்று இன்னொருவன் கொள்வான். இருவர் கொள்கையும் தமிழ் மரபுக்கு உட்பட்டனவே. ஆகவே பாதுகாப்பு விதிகளில் விலக்கலுக்குக் ‘கூடாது’ என்பதையும், தேவையின்மைக்கு ‘வேண்டியதில்லை’ என்பதையும் ஆளுதல் நலம். ‘வேண்டாம்’ என்பதை நேர்ப்பேச்சுக்கு விட்டுவிடலாம். அங்கே குரலும் முகமும் பொருளைக் காக்கும். கூடுதலாக ஒன்று: ‘கூடாது’ விலக்கலாயினும் அதன் உடன்பாடான ‘கூடும்’ இன்று ஏவலாகவோ இசைவாகவோ வழங்குவதில்லை, வாய்ப்பையே குறிக்கிறது. ‘குழாய் வெடிக்கக்கூடும்’ என்பது எச்சரிக்கை.

அமிலமும் நீரும்

அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. அமிலத்தின் அடர்த்தி நீரினுடையதைப் போல் ஏறத்தாழ 1.84 மடங்கு. மேலிருந்து ஊற்றப்படும் நீர் அமிலத்தின் மேற்பரப்பிலேயே தங்கி, வெளிப்படும் வெப்பத்தால் கொதித்து அமிலத்தோடு சேர்ந்து தெறிக்கும். பத்தாம் வகுப்பு அறிவியல் நூல்கள் தவறாது கூறும் எச்சரிக்கை இது.

இவ்வெச்சரிக்கையின் முழுப்பாரமும் தமிழில் வேற்றுமை உருபுகள்மேல் விழுகிறது. சொற்கள் இடம் மாறலாம்: ‘நீரில் அமிலத்தை ஊற்றுக’, ‘அமிலத்தை நீரில் ஊற்றுக’ இரண்டும் ஒன்றே. ஆங்கிலம் பயின்ற மாணவன் சொல்வரிசையைக் கொண்டு பொருளை உய்த்துணரப் பழகியிருப்பின் இடறுவான். பேச்சிலோ அஃறிணைச் செயப்படுபொருளில் இரண்டாம் வேற்றுமை உருபு பெரும்பாலும் மறைந்துவிடும். ‘வாட்டர்ல ஆசிட் ஊத்து’, ‘ஆசிட்ல வாட்டர் ஊத்தாதே’ என்னும் வகுப்பறைத் தொடர்களில் ஒரே ஒரு ‘ல’ முழுப்பொருளையும் தாங்கி நிற்கிறது. நாற்பது மாணவர் பேசும் இரைச்சலில் அவ்வோரெழுத்து காதில் விழாமற் போவது வியப்பன்று.

கன்னட மூலம் இவ்விடத்தில் வேறொரு சிக்கலைத் தருகிறது. ‘நீரிகெ ஆம்ல ஸேரிஸி’ என்னும் தொடரில் சேர்க்கப்படும் இடம் நான்காம் வேற்றுமை ஏற்றது. அதைச் சொல்லுக்குச் சொல் ‘நீருக்கு அமிலம் சேர்க்க’ என்றாக்கினால் தமிழ் ஓசை கெடும். பொருளும் நோக்கப் பொருளாகத் திரியும். ‘நீருடன்’ என்பதும் போதாது. உடனிகழ்ச்சி உருபு எது முதலில், எது பின்னர் என்பதை மழுங்கச் செய்கிறது. ‘நீரையும் அமிலத்தையும் கலக்கவும்’ என்று சுருக்கி எழுதுவது இவை எல்லாவற்றினும் கொடியது. மூலத்தில் இருந்த எச்சரிக்கை அதில் அடியோடு மறைகிறது. ‘முதலில் நீர், பிறகு அமிலம்’ என நிகழ்வு வரிசையைத் தனியே கூறிவிடுதலே பாதுகாப்பான வழி.

ஒலி ஒத்துப் பொருள் மாறுவன

தமிழும் கன்னடமும் உறவுமொழிகள் ஆதலின் இவ்வகைச் சொற்களில் விழிப்பு மிகுதியும் வேண்டும். கன்னடத்தில் ‘திராவக’ என்பது கரைப்பான். ‘திராவண’ என்பது கரைசல். தமிழில் ‘திராவகம்’ என்றால் செய்தித்தாள் படிக்கும் எவரும் அமிலம் என்றே கொள்வர். நீரே ஒரு ‘திராவக’ எனக் கன்னட ஆசிரியர் கூறுவதைத் தமிழ்ச் சிறுமி ஒருத்தி வீட்டில் எடுத்துரைத்தால் தாய் திகைப்பாள். தமிழில் ‘காரம்’ உணவின் உறைப்பையும் அமிலத்தின் எதிர்நிலைப் பொருளையும் குறிக்கும். கன்னடத்தில் உறைப்பு ‘கார’ (மூச்சொலியுடையது), வேதிப்பொருள் ‘க்ஷார’. தமிழெழுத்தில் முன்னதன் மூச்சொலி மறைந்துபோவதையும் கருதவேண்டும்.

ஏவல் வடிவங்களிலும் இது நிகழும். கன்னட ‘மாடகூடது’ தமிழ்க் ‘கூடாது’ என்பதோடு வடிவாலும் பொருளாலும் ஒத்தது. ஆனால் மிகுதியாக வழங்கும் ‘மாடபாரது’ என்பதன் இறுதிக்கூறு தமிழ் ‘வாராது’ என்பதற்கு இனமானது. தமிழிலோ ‘அவனுக்குச் செய்ய வராது’ என்றால் செய்யத் தெரியாது என்பதே பொருள். ஒன்று தடை, மற்றொன்று திறனின்மை. இருமொழிச் சிறார் பேச்சில் இவற்றுள் ஒன்று மற்றொன்றின் நிழலாகப் படியும் வாய்ப்பு ஆய்வுக்குரியது.

வினாவும் மௌனமும்

வகுப்பறையின் அடிப்படை அலகு ஆசிரியர் தொடக்கம், மாணவர் மறுமொழி, ஆசிரியர் மதிப்பீடு என்னும் மூன்றடுக்கு எனச் சின்கிளேரும் கூல்தார்டும் (1975) காட்டினர். தமிழ் ஆசிரியர் இதற்கென ஓர் உத்தியைக் கையாளுகின்றனர்: சொல்லையே பாதியில் நிறுத்துதல். ‘நீலத்தாள் சிவப்பாக மா...’ என்று அவர் நிறுத்த, வகுப்பே ‘...றும்’ என்று முடிக்கும். ஒட்டுநிலை மொழியாதலின் வினைமுற்றின் ஈற்றை மட்டும் மாணவர்க்கு விட்டுவைக்க இயல்கிறது. ஈற்றைக் கூறப் பாடம் புரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தால் போதும். வகுப்பை விழிப்பாக வைத்திருக்கும் நடைமுறை என்ற அளவில் இது பயனுடையது. ஆனால் அதனைக் கற்றலின் சான்றாகக் கொள்வது தகாது. ‘புரிஞ்சுதா?’ என்பதற்கு எழும் ‘புரிஞ்சுது சார்’ என்னும் கூட்டொலியும் அத்தகையதே. அது வினா அன்று. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கான எல்லைக்கல்.

வினவியபின் ஆசிரியர் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருக்கின்றனர் என்றும், மூன்று நொடியேனும் பொறுத்தால் விடைகள் நீள்கின்றன என்றும் மேரி பட் ரோ (1974) அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து கண்டார். அம்மூன்று நொடி மௌனம் தமிழ் மரபுக்கு அயலானதன்று. கங்கர் குலத்துச் சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் கேட்கும் முறையை விரிவாக வகுக்கிறது: உரிய காலத்தில் வருதல், ஆசிரியர் இருக்கச் சொன்னால் இருத்தல், ஓவியப் பாவைபோல் அடங்கிக் கேட்டல். இப்பகுதியை மட்டும் எடுத்துக்காட்டி, தமிழ்க் கல்வி மரபு வாய்மூடி இருத்தலையே போற்றியது என்பார் உளர். அதே பாயிரம் வினாவுதலையும், வினாயவற்றுக்கு விடையளித்தலையும், உடன்பயில்வோரோடு பழகுதலையும் மாணவர்க்குரிய கடமைகளாகவே கூறுவதை அவர்கள் விட்டுவிடுகின்றனர். அடக்கத்துக்கு ஒரு வேளை, வினாவுக்கு ஒரு வேளை என்பதே அந்நூலின் ஏற்பாடு. ஆய்வகத்துக்கும் ஏற்றது அதுவே.

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் உளத் துன்புறுத்தலையும் தடைசெய்தது. பிரம்பு விலகிய இடத்தைச் சொல்லே நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆங்கிலக் கல்விநூல்கள் ஒழுங்குவிதிகளை ‘எதிர்பார்ப்புகள்’ என்று பெயரிட்டழைக்கும் வழக்கம் இச்சூழலில் இங்கும் பரவியது. ‘நடத்தை எதிர்பார்ப்புகள்’ என்னும் மொழிபெயர்ப்பு தமிழில் உயிரற்றது. ‘எதிர்பார்ப்பு’ என்பது தமிழில் வருவதை நோக்கியிருக்கும் ஆவலே அன்றிக் கடமையை உணர்த்துவதன்று. ‘ஒழுகலாறு’ பொருளால் நெருங்கியது, ஆனால் வழக்கொழிந்தது. ‘வகுப்பு நடைமுறை’ என்றால் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே அறிவர். இலங்கை வழக்கான ‘வழமை’ நாள்தோறும் நிகழ்வதைக் குறிக்க இன்னும் பொருத்தமானது.

இறுதியாகப் பதிவேட்டின் மொழி. ஆசிரியர் செய்து காட்டும்போது ‘நாம் இப்போது சூடாக்குவோம்’ என்று மாணவரை உளப்படுத்திக் கூறுகிறார். மாணவர் எழுதும்போது ‘நாங்கள் சூடாக்கினோம்’ என்கின்றனர். படிப்பவராகிய ஆசிரியர் அதில் அடங்கார். இன்றைய கன்னடத்தில் இவ்வேறுபாடு இல்லை. ‘நாவு’ இரண்டுக்கும் பொது. ஆங்கிலமும் அவ்வாறே. அவ்விரு மொழிகளினின்றும் செய்முறை நூலைப் பெயர்ப்போர் ஒவ்வோரிடத்தும் யார் செய்தார், யார் பார்த்தார் என்பதை முடிவுசெய்தே ‘நாம்’, ‘நாங்கள்’ என எழுதவேண்டியுள்ளது. ‘சூடாக்கப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையில் ஒதுங்குவோரும் உளர். அது பிழையன்று, ஆனால் அடுப்பை ஏற்றியவன் எவன், அணைக்கவேண்டியவன் எவன் என்பது அத்தொடரில் தெரிவதில்லை.