குற்றவாளி இல்லாத காயம்

மறதி நோயால் வழி தப்பிய முதியவர் ஒருவர், அந்தி மங்கும் வேளையில் பிறர் அறையைத் தம்முடையதென்றே எண்ணி நுழைந்து அங்குள்ள கட்டிலில் சாயப் போக, உறக்கம் கலைந்து எழுந்த மற்றவர் கள்வன் வந்துவிட்டான் என்னும் பீதியில் அவரைப் பிடித்துத் தள்ள, விழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிகிறது. இருவர் நெஞ்சிலும் துவேஷம் இல்லை. ஆயினும் காயம் மெய்யானது.

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இத்தகைய சம்பவங்கள் அபூர்வமல்ல. நியூயார்க் மாநிலத்தில் மார்க் லாக்ஸ், கார்ல் பில்லிமர், ஜீன் டெரெசி முதலிய ஆராய்ச்சியாளர்கள், இல்லத்து விபத்துப் பதிவேடுகளை மட்டும் நம்பாமல், அங்கே வசிப்போரையும் ஊழியரையும் நேரில் விசாரித்தும், கண்கூடாகக் கவனித்தும், பத்து இல்லங்களில் 2,011 பேரைப் பற்றித் திரட்டிய விவரங்களை 2016-இல் வெளியிட்டனர். நான்கே வாரங்களுக்குள் 407 பேர், அதாவது ஐந்தில் ஒருவர், சக வாசிகளுடன் நேர்ந்த இத்தகைய சம்பவங்களில் சம்பந்தப்பட்டிருந்தனர். வசைச்சொல்லே மிகுதி; அடித்தல், தள்ளுதல் போன்றவை இருபதில் ஒருவர் அளவுக்கு இருந்தன. ஆஸ்திரேலியாவிலோ, 2000 முதல் 2013 வரை இவ்விதம் நேர்ந்த 28 மரணங்களை ஆராய்ந்தவர்கள், சம்பந்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மறதி நோய் இருந்ததைக் கண்டனர்.

வலியைச் சொல்ல வாய் வராதவர், மலச்சிக்கலாலும் சிறுநீர்த் தொற்றாலும் அவதிப்படுபவர், இரைச்சல் மிகுந்த உணவுக்கூடத்தில் அந்நியர் தோளோடு தோள் இடிக்க உட்கார்த்தப்பட்டவர் ஆகியோரது கோபம் பெரும்பாலும் ஒரு முறையீடே. அதைக் கேளாமல் மருந்தால் மயக்கி அடக்குவது ஆபத்தான வழி: மறதி நோயுள்ள முதியோருக்கு மனநோய் மருந்துகள் சிலவற்றைக் கொடுப்பது மரண அபாயத்தை உயர்த்துகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்திருக்கிறது. ஒவ்வொரு சச்சரவும் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதை அடுத்து நிகழ்ந்தது என்று குறித்துவைத்து, அதன் காரணத்தைக் களைவதே சாஸ்திரீயமான பரிகாரம். அறைக்கதவில் உரியவரின் புகைப்படம், ஒத்துப்போகாதவர்க்கு வேறு வேறு மேஜை, மாலை வேளையில் நடைவழியில் ஓர் ஊழியர் என்னும் எளிய ஏற்பாடுகள் பல அடிகளைத் தடுக்கக்கூடும். ஆனால் "கிழவர்கள் சண்டைதானே" என்று ஊழியரே எழுதாமல் விட்டுவிடும் வழக்கம் இருக்கும்வரை, எந்தக் காரணமும் புலப்படாது. அடிபட்டவரின் அச்சமும் அத்துடன் மறைந்துபோகிறது. இதை நான் மிகப் பெரிய அநீதியாகக் கருதுகிறேன்.

பெற்றோரை இல்லத்தில் சேர்க்க நேர்ந்தவர்கள், அவர்களது சுபாவத்தையும் எதற்கு அஞ்சுவார்கள் என்பதையும் ஒளிக்காமல் முதல் நாளே சொல்லுங்கள். இரவில் எத்தனை ஊழியர் விழித்திருக்கிறார்கள் என்று கேட்டு, பதில் கிடைக்கும்வரை அவ்விடத்தை விட்டு எழாதீர்கள்.