முடிந்தும் முடியாத படம்

நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில் அப்போது வசித்தவர்கள் மொத்தமே இரண்டு லட்சத்துக்குள்தான். 2003 டிசம்பர் 1 அன்று அந்த ஊர்த் தெருக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டு நின்றார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ரக்பி உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று நாடே வாடிப்போயிருந்தது. அந்த வாட்டத்தையெல்லாம் மறக்கடித்தது ஒரு சினிமா. எம்பஸி தியேட்டரின் நெற்றியில் சிறகு விரித்த பூதாகாரமான பறவை மிருகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. கீழே ஹாபிட் வேஷத்தில் குழந்தைகள், கூர்க்காது ஒட்டிய பெண்கள், அட்டைக் கவசம் மாட்டிய ஆண்கள். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையின் மூன்றாவது, கடைசிப் படமான ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ அன்றுதான் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

வந்தவர்கள் படத்தை வரவேற்க வந்தார்களா, வழியனுப்ப வந்தார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 1999 அக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பர் வரை மூன்று படங்களையும் சேர்த்தே எடுத்துவிட்டு, 2001 முதல் ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்டார். மூன்று டிசம்பர்கள் ரசிகர்களுக்குத் திருவிழா மாதிரி ஆகியிருந்தன. அடுத்த டிசம்பரில் திருவிழா கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த ரசிகர்கள் அந்தப் பிரிவை ஒரு முழுநாள் சடங்காகவே ஆக்கிக்கொண்டார்கள். டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை. தேர்ந்தெடுத்த தியேட்டர்களில் முதல் இரண்டு படங்களின் நீட்டித்த வடிவங்கள் அடுத்தடுத்து ஓடின. இரவில் மூன்றாவது படம், மற்றவர்கள் பார்ப்பதற்குச் சில மணி நேரம் முன்னதாக. படங்களின் நீளத்தை மட்டும் கூட்டினாலே பத்தரை மணி நேரம் வரும். வந்தவர்களுக்கு நினைவுப் பொருளாக ஒரு துண்டுப் பிலிம் கொடுத்தார்கள். வேலைநாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு, சோற்று மூட்டையோடு ஒரே நாற்காலியில் பத்தரை மணி நேரம் உட்கார்வதை வெறும் சினிமா பார்த்தல் என்று சொல்லிவிட முடியாது.

அப்படி உட்கார்ந்தவர்களுக்கும், சும்மா ஒரு படம் பார்க்கலாம் என்று அடுத்த நாள் போனவர்களுக்கும் இடையே மூண்ட வழக்கு இன்றுவரை தீரவில்லை. வழக்கின் பொருள்: படம் எங்கே முடிகிறது?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. உலகையே அடிமையாக்கும் ஆற்றல் கொண்ட ஒரு மோதிரம். அது உருவான எரிமலையிலேயே அதைப் போட்டு அழிக்கவேண்டும். அந்தச் சுமை ஃப்ரோடோ என்ற குள்ளமான, போர் அறியாத ஹாபிட்டின் தலையில் விழுகிறது. கூடவே போகிறவன் தோட்டக்காரன் சாம். மூன்றாவது படத்தில் மோதிரம் எரிமலைக்குள் விழுகிறது, பகைவனின் கோபுரம் சரிகிறது, நண்பர்கள் இருவரும் பாறைமேல் சாய்ந்து கிடக்கிறார்கள், திரை இருள்கிறது. பார்த்தவர்களில் பலர் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்ளத் தயாரான இடம் இது. ஆனால் கழுகுகள் வருகின்றன. ஃப்ரோடோ கட்டிலில் கண் விழிக்கிறான், நண்பர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்து சிரிக்கிறார்கள். பிறகு பட்டாபிஷேகம். பிறகு சொந்த ஊர். பிறகு சாமின் கல்யாணம். பிறகு துறைமுகம், கப்பல். பிறகு சாம் வீட்டு வாசல். ஒவ்வொன்றும் படத்தின் கடைசிக் காட்சிபோலவே எடுக்கப்பட்டிருக்கும். இடைவேளை என்ற வழக்கமே இல்லாத நாடுகளில், மூன்று மணி இருபத்தொரு நிமிடப் படத்தின் கடைசி அரை மணியில் இப்படிச் செய்தால், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருப்பவர்களின் கலையுணர்வு என்ன பாடுபடும் என்று சொல்லவேண்டியதில்லை. மொத்தம் எத்தனை முடிவுகள் என்று எண்ணுவதே ஒரு விளையாட்டாகிப்போனது. ஐந்து என்பார் ஒருவர், ஏழு என்பார் இன்னொருவர்.

படத்துக்கு மூலமான நாவலைக் கரைத்துக் குடித்தவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு முடிவுகள் அதிகமில்லை; ஒன்று குறைந்தது.

டோல்கீனின் நாவலில் மோதிரம் அழிந்தபின் இன்னும் ஆறு அத்தியாயங்கள் உண்டு. அவற்றில் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஹாபிட்கள் ஊர் திரும்பும்போது, ஊர் பழைய ஊராக இல்லை. மரங்கள் வெட்டப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டு, அடியாட்களின் ஆட்சி நடக்கிறது. உலகைக் காப்பாற்றியவர்கள் இப்போது தங்கள் தெருவைக் காப்பாற்றவேண்டும். இந்தப் பகுதி கதையின் இன்றியமையாத கூறு, தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீனே எழுதியிருக்கிறார். 1916இல், முதல் உலகப் போரில், சோம் போர்க்களத்தைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் அவர். போர் முடிந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பக்கூடியவரல்ல.

ஜாக்சன் அந்த அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டார். முதல் படத்தில் ஊர் எரிவதை ஒரு மாயநீர்க் கிண்ணத்தில் சில நொடிகள் காட்டியதோடு சரி. மூன்றாவது படத்தில் ஹாபிட்கள் திரும்பும்போது ஊரில் ஒரு புல்கூட அசைந்திருக்கவில்லை. சாராயக் கடையில் பயணம் போய்வந்த ஹாபிட்கள் நால்வரும் மௌனமாகக் கோப்பையை மோதிக்கொள்கிறார்கள். சுற்றியிருக்கிறவர்களின் கவனமெல்லாம் ஒரு பெரிய பூசணிக்காயின்மேல் இருக்கிறது. போய்வந்தவர்கள் பட்டது எதுவும் ஊருக்குத் தெரியாது. நாவல் ஒரு சண்டையின் மூலம் சொன்ன தனிமையைப் படம் அந்தப் பூசணிக்காயைக் கொண்டு சொல்லிவிட்டது என்று வாதிடுபவர்கள் உண்டு. இந்தக் கட்டுரையாளரும் அந்தக் கட்சிதான். ஆனால் எதிர்க்கட்சியின் வழக்கு வலுவானது என்பதை மறுக்க முடியாது.

சாருமான் விவகாரம் இன்னும் சூடானது. வில்லன் மந்திரவாதி சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ, நடிகர் கூட்டத்திலேயே டோல்கீனை நேரில் சந்தித்திருந்த ஒரே ஆள். நாவலை ஆண்டுதோறும் திரும்பப் படித்துவந்தவர். அவர் நடித்த கடைசிக் காட்சி, ஏழு நிமிட அளவுக்கு நீளமானது, மூன்றாவது படத்தில் இல்லை. அதை வைத்தால் புதிய படத்தைத் தொடங்காமல் போன வருடப் படத்தின் மிச்சத்தை முடிப்பதுபோல இருக்கிறது என்பது ஜாக்சனின் காரணம். லீ தன் வருத்தத்தை மறைக்கவில்லை. ரசிகர்களோ படம் வெளிவருவதற்கு முன்பே கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள் குவிந்தன. படம் மாறவில்லை. 2004 டிசம்பரில் வந்த நீட்டித்த வடிவத்தில், நாலு மணி நேரத்தைத் தாண்டிய டிவிடியில், அந்தக் காட்சி திரும்பி வந்தது. வந்ததும் அடுத்த வழக்கு: நாவலில் சாருமான் சாவது ஹாபிட்களின் ஊரில், படத்தில் அவனுடைய சொந்தக் கோபுரத்தில்!

இப்படிச் சொல்லும்போது நாவல் ரசிகர்கள் எழுத்தெண்ணிப் பார்க்கும் கணக்குப்பிள்ளைகள் என்று தோன்றலாம். அது சரியல்ல. மூன்றாவது படத்தில் ஒரு காட்சி: கோண்டோர் நாட்டின் பொறுப்பாளரான டெனதோர் தக்காளியைக் கடித்துச் சாறு வழியத் தின்கிறான். அவன் சாவுக்கு அனுப்பிய மகன் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறான். பக்கத்தில் நின்று ஹாபிட் பிப்பின் பாடுகிறான். நாவலில் இப்படி ஒரு காட்சி இல்லவே இல்லை. பாட்டு வரிகள் நாவலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்தவை, மெட்டைப் போட்டவர் பிப்பினாக நடித்த பில்லி பாய்ட். நாவல் பித்தர்களும் இந்தக் காட்சியைக் கொண்டாடினார்கள். மலைமுகடுதோறும் தீப்பந்தம் மூள்வதையும், ரோகன் நாட்டுக் குதிரைப்படை பாய்வதையும் கொண்டாடினார்கள். அதே ஆட்கள்தான், ஃப்ரோடோ சாமைச் சந்தேகப்பட்டு மலைப்படிக்கட்டில் திருப்பி அனுப்பும் காட்சியை மன்னிக்கவே இல்லை. அதுவும் நாவலில் இல்லாததுதான். சேர்த்ததா விட்டதா என்பது இங்கே பிரச்சினை அல்ல. சாம் ஃப்ரோடோவை விட்டுப் போவானா? போகமாட்டான். அவனை அறிந்தவர்களுக்கு அது தெரியும்.

ரசிகர்கள் கேட்டதைப் படம் ஓரிடத்தில் அப்படியே கொடுத்தது. முதல் படத்தின் ஆலோசனைக் கூட்டத்தில், பேச்சே இல்லாமல் சில நொடிகள் தோன்றும் எல்ஃப் இனத்தவன் ஒருவன். அழகன். ‘ஃப்ரோடோ இஸ் கிரேட்... ஹூ இஸ் தட்?’ என்று ஒரு ரசிகை வியந்த ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளைக் கோத்து அவனுக்கு ‘ஃபிக்விட்’ என்று பெயர் சூட்டினார்கள். ஃப்ரோடோ பிரமாதம், அதிருக்கட்டும், அது யார் என்று பொருள். துணைநடிகராக வந்துபோன அந்த வெலிங்டன் இளைஞரின் பெயர் பிரெட் மெக்கென்ஸி. மூன்றாவது படத்தில் ஜாக்சன் அவரைத் திரும்பக் கூப்பிட்டு வசனம் கொடுத்தார், ரசிகர்களுக்காகவே. மெக்கென்ஸி 2012இல் பாடலுக்காக ஆஸ்கர் வாங்கினார் என்பது தனிக்கதை.

இந்தப் பிரியத்தை அளந்து பார்க்கவும் ஒரு முயற்சி நடந்தது. வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பார்க்கர் தலைமையில் இருபது நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சேர்ந்து, மூன்றாவது படத்தைப் பார்த்தவர்களிடம் கேள்விப் படிவம் கொடுத்தார்கள். சுமார் 25,000 பேர் பதில் எழுதினார்கள். இது எந்த வகைக் கதை என்று சொல்ல ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள்: காவியம், மாயக்கதை, போர்க்கதை, நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போராட்டம் என்று நீண்ட பட்டியல். அதில் ‘ஆன்மிகப் பயணம்’ என்பதைத் தேர்ந்தவர்களிடம்தான் படத்தின்மேல் ஆழ்ந்த பற்று மிகுதியாகத் தெரிந்தது. ஓர்க் அரக்கர்களின் தலை உருளும் படத்துக்கு ஆன்மிகம் என்று பெயரா என்று வெளியாள் சிரிக்கலாம். கடைசியில் கப்பலேறுகிற ஃப்ரோடோவைப் பார்த்து அழுதவர் சிரிக்கமாட்டார்.

2004 பிப்ரவரி 29 அன்று படம் பதினொரு பிரிவுகளில் போட்டியிட்டு பதினொரு ஆஸ்கரையும் அள்ளியது. ‘பென்-ஹர்’, ‘டைட்டானிக்’ படங்களின் சாதனைக்குச் சமம். சிறந்த படம் விருது ஒரு மாயக்கதைப் படத்துக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. அன்றிரவு ஹாலிவுட்டில் ரசிகர்கள் தங்கள் காசில் நடத்திய விருந்துக்கு ஜாக்சனும் நடிகர்களும் ஆஸ்கர் சிலைகளோடு வந்து சேர்ந்தார்கள். விருது வாங்கி முடித்த அடுத்த மாதம் ஜாக்சன் மறுபடி கேமராவை எடுத்தார்: நீட்டித்த வடிவத்துக்காக மண்டையோடுகள் சரிந்து உருளும் ஒரு ஷாட். உலகம் பரிசு கொடுத்து முடித்துவிட்ட படத்துக்கு இன்னும் படப்பிடிப்பு! அந்த டிவிடியின் இறுதியில் ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் நிமிடக்கணக்கில் ஓடுகின்றன. தன் பெயர் எப்போது வரும் என்று ரிமோட்டோடு காத்திருந்தவர்களுக்கு முடிவு நீளம் என்ற குறையே இருந்திருக்காது.

‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ வந்து பதினோரு ஆண்டு கழித்து இன்னொரு முப்படத்தின் கடைசிப் படம், ‘தி பேட்டில் ஆஃப் தி ஃபைவ் ஆர்மீஸ்’. அதே ஜாக்சன், அதே டோல்கீன். ஆனால் மூலம் 1937இல் வந்த முந்நூறு பக்க அளவிலான சிறுவர் நாவல் ‘தி ஹாபிட்’. இரண்டு படமாகத் திட்டமிட்டதை 2012இல் மூன்றாக இழுத்தார்கள். நாவலில் போர் நடக்கும்போது நாயகன் பில்போ தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பான். படத்திலோ போர் முக்கால் மணி நேரம் நீள்கிறது. நாவலில் இல்லாத காதல் வேறு. வசூலுக்குக் குறைவில்லை, 95 கோடி டாலருக்கு மேல் வந்தது. பார்க்கரின் குழு மறுபடி படிவம் நீட்டியபோது 36,000க்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். இம்முறை ஏமாற்றமே தனி ஆய்வுப் பொருளாகும் அளவுக்கு வந்தது. ரசிகர் ஒருவர் மூன்று படங்களையும் வெட்டி ஒட்டி நாலு மணி நேரப் படமாக்கிவிட்டார். முன்பு படத்தில் விட்டதைத் திரும்பக் கொடு என்று கையெழுத்து வாங்கிய கூட்டம், இப்போது கத்தரிக்கோலை எடுத்திருந்தது.

அந்தக் கடைசிப் படத்தின் இறுதியில், பெயர்கள் ஓடும்போது ஒரு பாட்டு வரும். விடைபெறும் பாட்டு. டெனதோரின் மேசைக்குப் பக்கத்தில் நின்று பாடிய அதே பில்லி பாய்டைத்தான், இந்தப் படத்தில் அவருக்கு வேடமே இல்லாதபோதும், அதைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள்.