கேம் லேக் ஆகிறதா? புது ராம் வாங்கும் முன் இந்த செட்டிங்ஸைப் பாருங்க!

"அப்பா, சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. ராம் போடணும், கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்!"

கம்ப்யூட்டரில் கேம் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அடிக்கடி கேட்கும் குரல் இது. கடைக்கு எடுத்துப்போனால் சில ஆயிரங்கள் காலி. ஆனால், பல நேரங்களில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ராமும் பிராசஸருமே முழு வேகத்தில் ஓடாமல் இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. பர்ஸைத் திறக்கும் முன் என்னவெல்லாம் பார்க்கலாம்?

முதலில் எங்கே சிக்கல் என்று பாருங்கள்

கேமை ஓடவிட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போனால் பிராசஸர், மெமரி, கிராபிக்ஸ் மூன்றும் எவ்வளவு உழைக்கின்றன என்பது சதவிகிதத்தில் தெரியும்.

மெமரி 90 சதவிகிதத்தைத் தாண்டியே நின்றால், ராம் போதவில்லை என்று அர்த்தம். ராமில் இடம் தீர்ந்ததும், ஹார்டு டிஸ்க்கின் ஒரு பகுதியை விண்டோஸ் ராம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். அது ராமைவிடப் பல மடங்கு மெதுவானது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கேம் திடீரென ஒரு நொடி உறைந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜி.டி.ஏ 5 கேமுக்கே குறைந்தபட்சம் 4 ஜி.பி., நன்றாக ஓட 8 ஜி.பி. ராம் வேண்டும். பின்னணியில் பிரவுசரும் 20 டேப்களோடு திறந்திருந்தால் என்ன ஆகும்? முதலில் அதை மூடுங்கள்.

கிராபிக்ஸ் மட்டும் 99 சதவிகிதத்தில் நிற்க, மற்ற இரண்டும் ஓய்வாக இருந்தால், ராமை மாற்றிப் பலன் இல்லை. கேமுக்குள் போய் ரெசல்யூஷனையும் ஷேடோவையும் குறைத்தால் போதும்.

வாங்கியது 3200... ஓடுவது 2133!

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பலரும் கவனிக்காத விஷயம் இது. ராம் பெட்டியில் 3200 என்று வேகம் போட்டிருக்கும். மதர்போர்டில் மாட்டியதும் அது பாதுகாப்பான குறைந்த வேகமான 2133 அல்லது 2400-ல் ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால் 'ஸ்பீடு' என்று இப்போதைய வேகம் தெரியும். பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறைவாக இருந்தால், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸுக்குள் போக வேண்டும். அங்கே எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்று ஒரு வசதி இருக்கும். அதை ஆன் செய்து சேவ் செய்தால், ராம் அதற்குரிய வேகத்துக்கு வந்துவிடும். பெரும்பாலான லேப்டாப்களில் இந்த வசதி இருக்காது.

இன்னொன்று, ஒரே 16 ஜி.பி. ராமைவிட இரண்டு 8 ஜி.பி. ராம்கள் சரியான ஸ்லாட்டுகளில் ஜோடியாக இருந்தால் தகவல் இரட்டைப் பாதையில் போகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். எந்த ஸ்லாட்டுகள் என்பது மதர்போர்டு மேனுவலில் இருக்கும்.

பிராசஸர் சோர்ந்துபோவது ஏன்?

லேப்டாப்பில் சார்ஜர் போடாமல் விளையாடினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜரைப் போட்டுவிட்டு, விண்டோஸ் செட்டிங்ஸில் 'பவர் மோடு' பகுதியை 'பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்' என மாற்றுங்கள்.

முதல் 10 நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திணறுகிறதா? சூடுதான் காரணமாக இருக்கும். 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பல பிராசஸர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஃபேனில் சேர்ந்த தூசியைச் சுத்தம் செய்யுங்கள். மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து விளையாட வேண்டாம்.

மெசேஜ் சொன்னது ஒன்று, கோளாறு வேறொன்று

இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில், கேம்கள் பாதியிலேயே மூடிக்கொள்வதாக 2024-ல் புகார்கள் குவிந்தன. திரையில் வந்த மெசேஜ், 'வீடியோ மெமரி போதவில்லை'. அதைப் பார்த்தால் யாருக்கும் கிராபிக்ஸ் கார்டு மீதுதான் சந்தேகம் வரும். உண்மைக் காரணம், பிராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதுதான். இன்டெல் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் மூலம் தீர்வு கொடுத்தது. வாரன்ட்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிராசஸரை இந்த அப்டேட் குணப்படுத்தாது. அதை வாரன்ட்டியில் மாற்றத்தான் வேண்டும். இந்த வகை பிராசஸர் உங்களிடம் இருந்தால், பயாஸை அப்டேட் செய்து 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' தேர்வில் வையுங்கள். வேகத்தைக் கூட்டுவது மட்டுமல்ல, அளவோடு வைப்பதும் தீர்வுதான்.

இந்த டிப்ஸை நம்பாதீர்கள்

* 'எம்.எஸ்.கான்ஃபிக்கில் பிராசஸர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்' என்று சுற்றும் வீடியோக்கள். அந்த செட்டிங் கட்டுப்படுத்துவதற்காக உள்ளது. டிக் செய்யாமல் விட்டாலே எல்லா கோர்களும் வேலை செய்யும்.

* 'ராம் பூஸ்டர்' சாஃப்ட்வேர்கள். இவை ராமை அதிகமாக்காது.

* கேமுக்கு 'ரியல்டைம்' முன்னுரிமை கொடுப்பது. மவுஸ், கீபோர்டுகூட உறைந்துபோகலாம்.

* 'பேஜ் ஃபைல்' வசதியை ஆஃப் செய்வது. ராம் தீர்ந்ததும் கேம் அப்படியே மூடிவிடும். விண்டோஸ் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள்.

கைவைக்கும் முன்...

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் என்றால், அதில் அம்மாவின் ஆபீஸ் ஃபைல்களும் அக்காவின் புராஜெக்ட்டும் இருக்கும். பயாஸுக்குள் போகும் முன் அவற்றை பேக்கப் எடுங்கள். பழைய செட்டிங்ஸை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். நீலத் திரை வந்தாலோ, சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ பழைய செட்டிங்குக்கே திரும்பிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மெமரி 90 சதவிகிதத்துக்கு மேலேயே நின்றால், தாராளமாக ராம் வாங்கலாம். எத்தனை ஜி.பி., என்ன வேகம், எந்த ஸ்லாட் என்பதைக் கடைக்காரரிடம் நீங்களே சொல்லிக் கேட்டு வாங்குவீர்கள்!